பின்னுக்கு நடக்கத் தெரியாதவன்

சிவமணி: கதையை மாத்தாதேங்கோ முதலாளி. என்ர மனிசனுக்கு என்னத்தைக் குடுத்தனீங்கள்? அதை மட்டும் சொல்லுங்கோ.

புவாத்: எனத்தக் குடுத்த? வேல குடுத்த. பகலைக்குச் சோறு குடுத்த. பின்னேரம் பால் பெக்கட் ஒண்டு குடுத்த. வேற என்ன குடுத்த, தங்கச்சி?

சிவமணி: தூள்?

புவாத்: என்ன?

சிவமணி: தூள் முதலாளி, தூள்! கொழும்பில எங்க பாத்தாலும் விக்கிறாங்களாமே. மூக்கால இழுக்கிறதோ, புகைக்கிறதோ... எனக்கென்ன தெரியும்?

புவாத்: அஸ்தஃபிருல்லாஹ்! என்ட வெல்டிங் கடையில பீடிக்கே எடமில்ல. நாகேந்திரம் எனக்கு எந்தக் கெடுதி செஞ்சான், அவனுக்கு நான் தூள் குடுக்க? ஹ... ஹஹ்...

சிவமணி: சிரிக்கிறீங்களோ?

புவாத்: இல்ல.

சிவமணி: இப்ப சிரிச்சனீங்கள். காலமை செக் பொயின்ற்றில புருசனைப் பறிகுடுத்திட்டு வந்து நிக்கிறவளைப் பாத்துச் சிரிக்கிறீங்கள்.

புவாத்: சளி, தங்கச்சி. தொண்டையில சளி. ஷபீகா! தேத்தண்ணி ஒண்டு கொண்டா. நாகாட மனைவி வந்தீக்கிறா.

சிவமணி: தேத்தண்ணி வேண்டாம். அந்த ஷட்டரைத் திறந்து விடுங்கோ முதல்ல. குகைக்குள்ள வந்த மாதிரிக் கிடக்கு.

புவாத்: அது அப்பிடியே கெடக்கட்டும். ஒக்காருங்க. காலமை என்ன நடந்தது? மொதல்ல இருந்து சொல்லுங்க. அவன நான் வத்தளைக்கல்லவா அனுப்பின? கேட் ஒண்டு அளந்துட்டு வரச் சொன்ன.

சிவமணி: ஓம், அளக்கத்தான் போனவர். நானும் கூடப் போனனான்.

புவாத்: நீங்க எனத்துக்கு?

சிவமணி: ஏனெண்டால் அவருக்கு இப்ப பஸ்ஸால தனிய இறங்கத் தெரியாது. உங்களுக்கு அது தெரியாதாக்கும்!

புவாத்: ...சொல்லுங்க.

சிவமணி: பாலத்துக்கு இஞ்சால பஸ்ஸை மறிச்சு எல்லாரையும் இறக்கினாங்கள். ஆம்பிளையள் ஒரு வரிசை, பொம்பிளையள் ஒரு வரிசை. நான் இந்தப் பக்கம் நிண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன். அவர் நடக்கிறார் முதலாளி... முன்காலை ஊண்டி, குதிக்கால் நிலத்தில படாமல். முழங்கை ரெண்டும் மடிஞ்சு... சேவல் ஒண்டு மதிலில நடக்கிற மாதிரி. முகத்தில ஒரு அசுமாத்தமும் இல்லை. கண்கூட வெட்டேல்ல.

புவாத்: ஆமிக்காரன் என்ன சொன்ன?

சிவமணி: நடையைப் பாத்த உடன துவக்கை நிமித்திப்போட்டான். இடுப்பில என்னவோ கட்டிக்கொண்டு வாறார் எண்டு நினைச்சிட்டான். "பஸ்ஸட்ட! பஸ்ஸட்ட!" எண்டு கத்தினான். பின்னுக்குப் போ எண்டு.

புவாத்: போயீக்க வேண்டியதுதானே...

சிவமணி: போகத் தெரிஞ்சால் போயிருப்பார்! முன்னுக்கு எண்டால் எப்பிடியோ கால் போகுது. பின்னுக்கு ஒரு அடி வைக்கச் சொன்னால் மரம் மாதிரி நிக்கிறார், இல்லாட்டி முன்னுக்குச் சரியிறார். அவன் பின்னுக்குப் போ எண்டு கத்தக் கத்த, இவர் அவனைப் பாத்து முன்னுக்குப் போறார்.

புவாத்: யா அல்லாஹ்...

சிவமணி: அதோட சிரிச்சார்.

புவாத்: சிரிச்சானா?

சிவமணி: சிரிச்சார். இப்ப நீங்கள் சிரிச்ச மாதிரியே.

புவாத்: ...சளி எண்டு சொன்னேனே.

சிவமணி: சுட்டுப்போடுவான் எண்டு நான் கண்ணை மூடிட்டன். நல்ல காலம், பக்கத்தில நிண்ட வயசான ஆமிக்காரன் ஒருத்தன் துவக்கைத் தட்டிவிட்டான். நடுரோட்டில வைச்சு அவரின்ர சேர்ட்டைக் கழட்டினாங்கள். இடுப்பில ஒண்டுமில்லை. ஆனால் கையில, நெஞ்சில எல்லாம் பொட்டுப் பொட்டாச் சூட்டுத் தழும்பு.

புவாத்: நெருப்புப் பொறி பட்ட தழும்பு. வெல்டிங் செய்யிற எல்லாருக்கும் ஈக்கிது.

சிவமணி: அதை அவனுக்கு ஆர் சொல்லுறது? யாழ்ப்பாணத்து அடையாள அட்டை, உடம்பெல்லாம் தழும்பு, விறைச்ச நடை, கேள்வி கேட்டால் சிரிப்பு. வேற என்ன வேணும் அவனுக்கு? "கொட்டியா", புலி எண்டு முடிவு கட்டி ஜீப்பில ஏத்திட்டான்.

ஷபீகா: தேத்தண்ணி. குடிங்க பிள்ள... மொகமெல்லாம் வாடிப் போய்க் கெடக்கு. நானும் உள்ளுக்கு இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்த. ஒண்டு கேட்டாக் கோவிக்க மாட்டீங்களே?

சிவமணி: கேளுங்கோ ராத்தா.

ஷபீகா: அவர் உண்மையாவே அந்தப் பக்கத்து ஆள் இல்லதானே?

சிவமணி: ராத்தா!

ஷபீகா: இல்ல... ஊரு கெட்டுக் கெடக்கு. கோட்டையில குண்டு வெடிச்ச நாள்ல இருந்து ஆர நம்புறது எண்டு தெரியா. எங்கட கடையில வேல செய்யிற ஆள். நாளைக்கு எங்கள வந்து கேட்டா?

சிவமணி: ஏழு வருசமா உங்கட கையால சோறு திண்ட ஆள் ராத்தா அவர்.

ஷபீகா: அதுதான் எனக்கும் வெளங்குதில்ல. முந்தி நாகா எவ்வளவு சிரிச்ச மொகம். இப்ப கொஞ்ச நாளா வாசல்ல வந்தா கல்லு மாதிரிப் பாக்குறார். ஒரு நாள் நான் சோத்துக் கோப்பைய நீட்ட, ஒரு பேச்சும் இல்லாம அழுதார். ஜின் கின் புடிச்சிரிக்கோ எண்டு நான் பயந்த. ஓதின தண்ணி ஒரு போத்தல் குடுத்தும் விட்ட.

சிவமணி: கொண்டுவந்தவர். நானும் சும்மா இருக்கேல்ல. ஆரோ செய்வினை செய்து போட்டினம் எண்டு ஜிந்துப்பிட்டி முருகனிட்ட நூல் கட்டினனான். உங்கட தண்ணியும் குடிச்சார், எங்கட நூலும் கட்டினார். கை நடுக்கம் மட்டும் நிக்கேல்ல.

புவாத்: கை நடுக்கம் எப்ப இருந்து?

சிவமணி: அதை நான்தான் உங்களிட்டக் கேக்கோணும். அவரை வெல்டிங் ரொட் பிடிக்க விடாமல் கேற் அளக்கவும் சாமான் வாங்கவும் அனுப்பினது நீங்கள். ஏன் அனுப்பினனீங்கள்?

புவாத்: ஆள் இல்லாம...

சிவமணி: கடையில ரொட் பிடிக்கத் தெரிஞ்ச ஆள் அவரும் நீங்களும்தான். அளக்கிறதுக்கு ராசிக் இருக்கிறார். உங்கட மச்சான் தானே? பிறகேன் என்ர மனிசனைப் போட்டு அலைக்கழிச்சனீங்கள்?

புவாத்: ...அவன் ஒட்டின ஒட்டு கோணலாப் போச்சு. ரொட் கையில நிக்கல்ல.

சிவமணி: அப்ப உங்களுக்கு முந்தியே தெரியும்!

புவாத்: கை நடுங்குது எண்டு தெரியும். ஏன் நடுங்குது எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? நான் என்ன டொக்டரா?

சிவமணி: டொக்டரிட்டக் காட்டினன். போன கிழமை. வெள்ளவத்தையில நரம்பு டொக்டர் ஒருத்தர்.

ஷபீகா: டொக்டர் என்ன சொன்ன?

புவாத்: நீ உள்ளுக்குப் போ ஷபீகா.

ஷபீகா: இரிங்க. கேட்டுட்டுப் போறன். என்ன சொன்ன பிள்ள?

சிவமணி: முதல்ல எழுதச் சொன்னார். இவர் பேரை எழுதத் தொடங்கினார். முதல் எழுத்துப் பெரிசு. போகப் போகச் சின்னன். கடைசி எழுத்தை எறும்புதான் வாசிக்கும். பிறகு நடக்கச் சொன்னார். பிறகு பின்னுக்கு நடக்கச் சொன்னார். டொக்டர் பிடிச்சிருக்காட்டி மேசையில மண்டை அடிபட்டிருக்கும்.

ஷபீகா: பின்னுக்கு நடக்க ஏலாதா... இந்தாங்க, கேட்டீங்களா?

புவாத்: கேட்ட, கேட்ட.

சிவமணி: பிறகுதான் கேட்டார், "இவர் என்ன வேலை செய்யிறவர்?" எண்டு. வெல்டிங் எண்டன். "என்ன இரும்பு?" எண்டார். கல்லு உடைக்கிற மெசினின்ர பல்லு தேஞ்சு வந்தால் அதுக்கு மேல கடும் இரும்பு ஒட்டிக் குடுக்கிறவர் எண்டன். அந்த ரொட்டில மங்கனீஸ் எண்டு ஒரு சாமான் கனக்க இருக்காம். எரிக்கேக்க புகையோட சேந்து வருமாம். அது மூக்குக்குள்ளால போய், ரத்தத்தில கலந்து, கடைசியில மூளைக்குள்ள போய்ப் படியுமாம். நடைக்கும் கைக்கும் கட்டளை போடுற இடம் எதுவோ, சரியா அந்த இடத்தில.

புவாத்: பொகை நெஞ்சுக்குள்ளதானே போற. மூளைக்கு எப்பிடி ஏறும்?

சிவமணி: இதையேதான் நானும் கேட்டன். "நெஞ்சு இருமிக் காட்டும் அம்மா, மூளை இருமாது" எண்டார்.

ஷபீகா: பால் குடிச்சா பொகை கழுவிட்டுப் போவும் எண்டுதானே சொல்ற? நாங்க ஒரு நாள் தவறாமப் பால் பெக்கட் குடுத்தமே பிள்ள!

சிவமணி: அதையும் டொக்டரிட்டச் சொன்னன் ராத்தா. "பால் வயித்துக்கல்லோ போகுது" எண்டார்.

புவாத்: சரி. பொகை எண்டே வைப்பம். நான் இருவத்தஞ்சு வருசம் இந்தத் தொழில் செய்ற. என்ட வாப்பா செஞ்ச. அவர் மவுத்தாகும் வரைக்கும் கம்பு மாதிரி நிமிந்து நடந்தார். அவருக்கு ஏன் வரல்ல?

சிவமணி: உங்கட வாப்பா வெளியில வைச்சு ஒட்டினவர். ஒழுங்கையில காத்து அடிக்க அடிக்க ஒட்டினவர். நீங்கள்? இந்த ஷட்டர் எப்ப இருந்து மூடிக் கிடக்கு முதலாளி?

புவாத்: அதுக்கும் இதுக்கும் என்ன?

சிவமணி: சொல்லுங்கோ. எப்ப இருந்து?

ஷபீகா: அது சந்தியில ஆமிக்காரன் செக் பொயின்ட் போட்ட நாள்ல இருந்து பிள்ள. ரொட் வைச்சவொடன பளிச் பளிச்செண்டு வெளிச்சம் வருமே... அதக் கண்டா அவங்களுக்குப் பதட்டம். ஒரு நாள் ஓடி வந்து, துவக்கால ஷட்டருக்கு அடிச்சு, "இனி இந்த வெளிச்சம் வெளியில தெரிஞ்சா சுடுவம்" எண்டு...

புவாத்: ஒன்ன ஆர் கேட்ட?

ஷபீகா: சொல்லாம? அண்டைக்கிருந்து ஷட்டரும் பூட்டு, மேல ஜன்னலுக்கும் சாக்குக் கட்டின. உள்ளுக்கு வந்தா மண்ணெறப் பொகை, ஆளுக்கு ஆள் தெரியா. நான் சோறு கொண்டாந்து வாசல்லயே வைச்சிட்டுப் போற.

சிவமணி: அதுக்குள்ளதான் அவர் நாள் முழுக்க நிண்டவர். உங்களுக்குத் தெரியும் முதலாளி. எல்லாம் தெரியும்.

புவாத்: வெளிச்சம் வெளியில போனா சுடுவான். பொகை உள்ளுக்கு இருந்தா கொல்லும் எண்டு எனக்கு ஆரு சொன்ன? நான் எதத் தெரிஞ்சு செய்ய? ஹஹ்...

சிவமணி: மறுபடியும்!

புவாத்: மன்னிச்சுக்கோங்க... வேணுமெண்டு இல்ல. சொல்லுங்க தங்கச்சி, இப்ப நான் என்ன செய்யோணும்?

சிவமணி: என்னோட ஸ்டேசனுக்கு வாங்கோ. புதுக்கடையில லோயர் பொன்னம்பலத்தைப் பாத்திட்டுத்தான் வாறன். பொழுது படமுதல் பெரிய இடத்தில இருந்து வான் வருமாம். அதில ஏத்தினால் பிறகு எந்த ஊர், எந்தக் காம்ப் எண்டு தேடித் திரிய வேண்டியதுதான். அதுக்கு முதல் ஸ்டேசன் பொறுப்பதிகாரி ஓஐசிக்கு முன்னால முதலாளி வந்து நிக்கோணும். இது என்ர ஆள், இது வருத்தம், தொழிலால வந்த வருத்தம் எண்டு சொல்லோணும்.

புவாத்: டொக்டர்ட துண்டு இல்லயா?

சிவமணி: காட்டினன். ஓஐசி பாக்கக் கூட இல்லை. "உங்கட ஆக்களுக்கு உங்கட டொக்டர் எழுதித் தருவார்தானே" எண்டு மேசையில போட்டுட்டான். மற்றவன் ஒருத்தன், "நல்லா நடிக்கிறான், ட்ரெயினிங்" எண்டு சொல்லிச் சிரிக்கிறான்.

புவாத்: வேணாம் தங்கச்சி.

சிவமணி: என்ன வேண்டாம்?

புவாத்: நான் வார வேணாம். யோசிச்சுப் பாருங்க. நான் போய் என்ன சொல்லணும்? ஷட்டரப் பூட்டிட்டு, ஜன்னலுக்குச் சாக்கு அடிச்சிட்டு, உள்ளுக்குள்ள ஒரு யாழ்ப்பாணத்து ஆள வைச்சு இரும்பு ஒட்டின எண்டு சொல்லணும். அவன் என்ன கேப்பான்? பூட்டின கடைக்குள்ள எனத்த ஒட்டின எண்டு கேப்பான். கல்லு மெசினுக்குப் பல்லு எண்டு சொன்னா நம்புவானா? குண்டுக்குக் கூடு எண்டு எழுதுவான். நாகாவக் காப்பாத்தப் போய், அவன இன்னும் ஆழத்துக்குத் தள்ளிட்டு, நானும் கூடவே உள்ளுக்கு உழுவேன்.

சிவமணி: அப்ப பொய் சொல்லுங்கோ. ஷட்டர் திறந்திருந்தது எண்டு சொல்லுங்கோ.

புவாத்: தொறந்திருந்தா பொகை எப்பிடி ஏறின எண்டு கேப்பான்.

சிவமணி: நல்லாத்தான் யோசிச்சு வைச்சிருக்கிறீங்கள்.

ஷபீகா: அவர் சொல்றதும் நியாயம்தானே பிள்ள. ராசிக்க அனுப்புவம். அவனுக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. ஏற்கெனவே ஸ்டேசன் பக்கம்தான் போயீக்கிறான், என்ன நடக்குது எண்டு பாத்துட்டு வர.

சிவமணி: ராசிக் வேண்டாம்.

புவாத்: ஏன்? என்ட மச்சான்தானே. கடை ஆள்தானே.

சிவமணி: அவர் ஒரு நாளும் ரொட் பிடிச்சவரில்லை. நீங்கள்தான் வேணும்.

புவாத்: நான் கடிதம் ஒண்டு தாறன். சீல் அடிச்சுத் தாறன்.

சிவமணி: கடிதம் வேண்டாம்.

புவாத்: மஷூர் ஹாஜியார ஃபோன்ல கதைக்கச் சொல்றன். அவருக்கு மேலிடத்தில ஆள் ஈக்கிது.

சிவமணி: ஆரும் வேண்டாம். நீங்கள் எழும்பி, என்னோட வந்து, ஓஐசிக்கு முன்னால நிக்கோணும். வாய்கூடத் திறக்க வேண்டாம்.

புவாத்: வாய் தொறக்க வேணாமா? பொறவு எனத்துக்கு நான்? ...தங்கச்சி, ஒங்கள ஆரு அனுப்பின?

சிவமணி: என்ன?

புவாத்: கடிதத்த வேணாங்கிறீங்க, ஹாஜியார வேணாங்கிறீங்க, சிங்களம் தெரிஞ்சவன வேணாங்கிறீங்க. நான்தான் வேணும், நானே வரணும், வந்து சும்மா நிக்கணும். இவன் ஒருத்தன விட்டுட்டு, பதிலுக்குக் கடைக்காரனப் புடிக்கிறம், நீ கூட்டிட்டு வா எண்டு ஸ்டேசன்ல சொன்னாங்களா?

சிவமணி: சொல்லியிருந்தால் செய்திருப்பன்.

ஷபீகா: பாத்தீங்களா! நான் அப்பவே நெனச்ச!

சிவமணி: சொல்லேல்ல ராத்தா, பயப்படாதேங்கோ. சொல்லியிருந்தால் செய்திருப்பன் எண்டுதான் சொன்னனான். உங்களிட்ட மறைச்சு என்ன? நீங்களும் அதைத்தான் செய்திருப்பீங்கள். இப்ப நான் ஒண்டு கேக்கிறன் முதலாளி. நான் வந்த நேரம் தொடக்கம் நீங்கள் ஏன் அந்தக் கதிரையை விட்டு எழும்பேல்ல?

புவாத்: எனத்துக்கு எழும்ப?

சிவமணி: முந்தி எந்தப் பொம்பிளை வந்தாலும் எழும்பி நிண்டு கதிரை தாற ஆள். கை ரெண்டையும் மேசைக்குக் கீழ வைச்சுக்கொண்டு இருக்கிறீங்கள். என்ன கிடக்கு அங்க?

புவாத்: ஒண்டுமில்ல.

ஷபீகா: அவருக்கு இடுப்புப் புடிச்சீக்கி. பாரம் தூக்கி...

புவாத்: முழங்கால் நோவு.

சிவமணி: இடுப்போ, முழங்காலோ? ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்கோவன்.

ஷபீகா: என்ன பிள்ள இது, பொலிஸ்காரன் மாதிரி! சுகமில்லாத மனிசன்... இரிங்க, ஃபோன் அடிக்கிது.

சிவமணி: கை எட்டுற தூரத்தில ஃபோன். அதையும் அவதான் வந்து எடுக்கோணும்.

ஷபீகா: ஹலோ... ராசிக்? ...ஆ... சத்தமாச் சொல்லு தம்பி, கேக்குதில்ல... எப்ப? ...எத்தின பேர்? ...அல்லாஹ்! சரி சரி, நீ அங்கயே நில்லு. தெரியாத மாதிரி நில்லு.

சிவமணி: என்ன? வான் வந்திட்டுதோ? ராத்தா, வான் வந்திட்டுதோ?

ஷபீகா: வந்தீக்கிதாம் பிள்ள. ஓஐசி வெளியில போயிருக்காராம், அவர் வந்து ஒப்பம் வைச்சாத்தான் ஏத்துவாங்களாம். மத்தவங்க நாகாவ வெறாந்தாவில நடக்க வைச்சு வேடிக்க பாக்குறாங்களாம்... முன்னுக்கு நட, பின்னுக்கு நட எண்டு... அவர் கீழ உழ உழ...

சிவமணி: போதும். சொல்லாதேங்கோ.

ஷபீகா: இந்தாங்க... ஏதாச்சும் செய்யுங்க. எனக்குக் கேக்க ஏலாது.

புவாத்: நான் என்னத்தச் செய்ய? எனக்குக் கலியாணம் முடிக்காத மூணு கொமருப் புள்ளகள். என்ன உள்ளுக்குப் போட்டா ஆரு பாக்க?

சிவமணி: எனக்கு ஒரு புருசன். வேற ஒருத்தரும் இல்லை, இந்தக் கொழும்பில.

ஷபீகா: பிள்ள, ஒங்கட காலப் புடிச்சுக் கேக்குறன். இவர விட்டுருங்க. இவர் வந்தா ஒங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. இவரால அந்த வாசல் படி... அந்த செக் பொயின்ட்டால இவர்...

புவாத்: ஷபீகா!

ஷபீகா: எவ்வளவு நாளைக்கு மறைக்கிற? வெள்ளிக்கிழம தவிர பள்ளிக்குப் போறல்ல, ஆக்கள் பாக்குறாங்க எண்டு வீட்ல கதிரையில தொழுற. புள்ளகளுக்கு முன்னால சிரிப்பு வந்தா பாத்ரூமுக்குள்ள ஓடுற. மூத்தவளப் பாக்க வாறவங்க, வாப்பாக்குப் பைத்தியம் எண்டு சொல்லிருவாங்களோ எண்டு பயந்து...

புவாத்: போதும். நீ உள்ளுக்குப் போ. நானே சொல்றன்.

ஷபீகா: போக மாட்டன்.

புவாத்: சரி, நில்லு. ...தங்கச்சி. நாகா ஒட்டினப்ப நானும் அந்தப் பொகைக்குள்ளதான் நிண்ட. பக்கத்தில நிண்டு மத்தப் பல்ல ஒட்டின. மொதல்ல எனக்குத் தித்திப்பும் புளிப்பும் நாக்கில தெரியாமப் போச்சு. பொறவு நித்திர போச்சு. பொறவு... இந்தாங்க, பாருங்க என்ட கைய. மேசைக்குக் கீழ துவக்கு இல்ல. இந்த நடுக்கம்தான் ஈக்கிது. நான் ஒங்களப் பாத்துச் சிரிக்கல்ல தங்கச்சி, வல்லாஹி. அழுகை வார எடத்தில அதுதான் வருது. என்ட நடையும் அவன்ட நடைதான். அந்த வாசல்ல எனக்கும் பஸ்ஸட்ட எண்டு சொன்னா, நானும் அந்த ஆமிக்காரனுக்கு மேலயேதான் போய் உழுவேன். ஒருத்தன எடுத்துக்கிட்டு வரப் போய், ரெண்டு பேர அந்த வான்ல ஏத்துறதா? சொல்லுங்க. இப்பவாவது வெளங்கிச்சா, நான் ஏன் எழும்பல்ல எண்டு?

சிவமணி: வரேக்கையே விளங்கித்தான் வந்தனான் நானா. போன வெள்ளி பள்ளிவாசலடியில நீங்கள் த்ரீவீலரால இறங்கினதை மீன்கடைப் பக்கத்தில நிண்டு பாத்தனான். தூரத்தில பாத்து, என்ர மனிசன்தான் தொப்பி போட்டுக்கொண்டு போறாரோ எண்டு நினைச்சன்... அப்பிடி ஒரே நடை. தூள் எண்டதும் மற்றதும் சும்மா உங்களைக் கிண்டிப் பாத்தது. நான் முதல்லயே கேட்டிருந்தால் இடுப்பு நோவு எண்டு சொல்லி என்னை அனுப்பியிருப்பீங்கள். அதால உங்கட வாயாலயே வரட்டும் எண்டு இருந்தன். அந்த டொக்டர் கடைசியா ஒண்டு கேட்டவர், "அதே கடையில வேற ஆருக்கும் இப்பிடி இருக்கோ? இருந்தால் இதை ஒருத்தரும் மறுக்கேலாது" எண்டு. லோயரிட்டயும் அதைச் சொன்னன். "அப்ப அவரைக் கூட்டிக்கொண்டு ஓடு" எண்டார். தமிழன் ஒருத்தன் தனிய இப்பிடி நடந்தால் அது கொட்டியா நடை. ஒரே கடையில ஒரு தமிழனும் ஒரு சோனக முதலாளியும் ஒரே மாதிரி நடந்தால், ஓஐசிக்கே அது வருத்தம் எண்டு விளங்கும். எழும்புங்கோ நானா, த்ரீவீலர் வாசல்ல நிக்குது. ராத்தா, அந்தப் பக்கத்துக் கையைப் பிடியுங்கோ, இந்தப் பக்கம் நான் பிடிக்கிறன். செக் பொயின்ற்றிலயும் விடமாட்டன். ஆனால் ஓஐசியின்ர மேசைக்கு முன்னால மட்டும் ரெண்டு பேரும் கையை விட்டிடுவம்... அங்க நீங்கள் விழத்தான் வேணும்.